பாணி

எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மல்லாந்து படுத்துவிடுவேன்.
மேசைக்கு அடியில், அலமாரிக்கு அடியில்,
கையில் டார்ச், தலைமுடியில் ஒட்டடை.
மேல்பக்கம் விருந்தாளிகளுக்கு.
அடிப்பக்கத்தை யாரும் மெழுகிட்டுப் பளபளப்பாக்குவதில்லை,
அதனால் அது பொய் சொல்லப் பழகவில்லை.

கெண்ட் நகரம். லெய் ஆற்றங்கரையில் மூன்று மாடி வீடு.
அப்பா இறந்து ஏழு வாரம்.
அண்ணன் ஆகீல், தங்கை கோடலீவ்,
நடுவில் ஒரு நோட்டரி,
அவர் தாளின் தலைப்பு: அசையும் சொத்து.

எனக்குச் சிரிப்பு வந்தது.
அந்த ஓக் அலமாரி நூற்றிருபது ஆண்டாய் இம்மியும் அசையவில்லை.
அசைந்ததெல்லாம் மனிதர்கள்:
ஒருவர் காங்கோவுக்கு, ஒருத்தி கன்னிமாடத்துக்கு,
மற்றவர்கள் கல்லறைக்கு.

ஆனாலும் அந்தச் சொல் ஒருகாலத்தில் மெய்தான்.
ஆதியிலே பெட்டி இருந்தது.
பிரபு ஊர்விட்டு ஊர் போனால்
பெட்டியும் கோவேறு கழுதைமேல் கூடவே போகும்.
அதன்மேல் உட்கார்ந்தார்கள், உண்டார்கள், தூங்கினார்கள்,
போர் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.
பிறகு எவனோ ஒருவன் பெட்டிக்கு முதுகு வைத்தான்.
முதுகு வந்ததும் அதிகாரம் வந்தது.
வீட்டுக்கு ஒரே நாற்காலி, அதில் ஒரே ஆள்.
மற்றவர்களுக்கு முக்காலி.

சாப்பாட்டறை மேசைக்குப் பூசணிக்காய்க் கால்கள்.
வணிகம் கொழுத்த காலத்தில் கால்களும் கொழுத்தன.
ஜன்னலோரம் ஒரு வட்ட மேசை. நாடா வைத்து அளந்தேன்:
நீளவாட்டில் எழுபத்தெட்டு,
குறுக்கே எழுபத்தாறரை.
மரம் குறுக்கில் மட்டுமே சுருங்கும்.
இருநூற்றைம்பது குளிர்காலம் சேர்ந்து
அதை மெல்ல முட்டையாக்கியிருக்கிறது.
சரியான வட்டமாய் இருந்திருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

"அதெல்லாம் நீயே எடுத்துக்கொள்," என்றாள் கோடலீவ்.
"நாற்காலி எனக்கு."
"நாற்காலியைத் தவிர எதை வேண்டுமானாலும் கேள்," என்றார் ஆகீல்.

பதினைந்தாம் லூயி.
துள்ளப்போகும் ஆட்டுக்குட்டிபோல் வளைந்த கால்,
முழங்காலில் ஒரு சிப்பி.
கைப்பிடிகள் ஒரு சாண் பின்னால் தள்ளி நிற்கும்.
அன்றைய பாவாடைகளின் அகலம் அப்படி,
மரம் துணிக்கு வழிவிட்டது.

வளைவு அலுத்தபின் கால்கள் நிமிர்ந்தன.
தலைகள் உருண்டன.
பிறகு வந்த தளபதிக்குச் சிங்கப் பாதம் தேவைப்பட்டது.
பிறகு நீராவி.
புதிதாய்ப் பணம் பார்த்தவர்களுக்கு
அவசரமாய் முன்னோர்கள் வேண்டியிருந்தார்கள்.
தச்சர்கள் முன்னோர்களைச் செய்துகொடுத்தார்கள்,
அரை டஜன் அரை டஜனாக.

நாற்காலியைக் கவிழ்த்தேன்.
புழு துளைத்த ஓட்டைகள். ஊசி விட்டுப் பார்த்தேன்.
புழு நேராய்ப் போகாது, அதற்கு என்ன அவசரம்?
இவை நேராய்ப் போயின, எல்லாம் ஒரே ஆழம்.
சட்டத்தின் உட்புறம் வில்வில்லாய் வட்ட ரம்பத்தின் தடம்.
அதற்கும் உள்ளே, சணல் பட்டையை விலக்கினால்,
பென்சிலில்:

"1891 மார்ச். நானே செய்தேன். ஏழு இரவு.
பாரிஸ் கடைக்கென்று எடுத்த பணம்
சேவல் சண்டையில் போய்விட்டது.
இதைப் படிப்பவரே,
ஓர்தான்ஸிடம் மட்டும் சொல்லிவிடாதீர்.
தெயோஃபீல்."

பட்டையை இழுத்துவிட்டேன்.
ஆணியைக் கட்டைவிரலால் அழுத்தினேன்.

என் தொழிலில் இரண்டே சொல்.
'காலம்' என்றால் ஒரு வீட்டுக்கு முன்பணம்.
'பாணி' என்றால் ஒரு சைக்கிள்.

நோட்டரி பேனாவைத் திறந்தார்.
"பாணி," என்றேன்.
"எப்படித் தெரியும்?" என்றார் ஆகீல்.
ஓட்டையைக் காட்டினேன், ரம்பத் தடத்தைக் காட்டினேன்.
அவ்வளவு போதுமாயிருந்தது.
நாடாவைக் கடன் கேட்டார்,
அலமாரி வாசலில் நுழையுமா என்று அளக்கப் போனார்.

கோடலீவ் உட்கார்ந்தாள்.
ஏழே இரவில் அடித்த மூட்டு,
ஒரு கிறீச் இல்லை.
"என்ன தேறும்?" என்றாள்.
"ஒரு சைக்கிள்."
"புதுசா, பழசா?"
என்று கேட்டாள், எழுந்திருக்காமல்.